குருசாமிக்குப் பிரஷர் இறங்கிய கதை

உங்களுக்குப் பிரஷர் பார்க்கத் தெரியாது. முகத்தைச் சுளிக்க வேண்டாம். பட்டை கட்டத் தெரியும், காற்றடிக்கத் தெரியும். இப்போது அதுகூட வேண்டியதில்லை. பொத்தானைத் தட்டினால் பெட்டியே எண்ணைக் காட்டிவிடுகிறது. அதைத்தான் பிரஷர் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டுதான் சிவகாசியில் போர்டு மாட்டி உட்கார்ந்திருந்தேன். என் கையில் அகப்பட்ட ஒரு மனிதருக்குப் பிரஷரை அழகாக இறக்கினேன். கூடவே அந்த மனிதரையும் இறக்கிவிட்டேன். புதிதாக டாக்டர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் வேறு சாதனை எதுவும் இல்லை. இதைச் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் பின்பாதி அது. விருதுநகரில் ஒரு பெரிய டாக்டரிடம் இரண்டு வருஷம் உதவியாளனாக இருந்துவிட்டுத் தனியாக டிஸ்பென்சரி போட்டிருந்தேன். மரப்பெட்டிக்குள் பாதரசக் குழாய் நிமிர்ந்து நிற்கும் பிரஷர் கருவி ஒன்று வைத்திருந்தேன். என்னைவிட அந்தப் பெட்டிக்குத்தான் ஊரில் மரியாதை. மிளகாய் வத்தல் மண்டிக்காரர்களும் அச்சாபீஸ் முதலாளிகளும் வந்து, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, "இன்னைக்கு எம்புட்டு டாக்டர்?" என்பார்கள். நூற்று எண்பது என்றால் முகத்தில் ஒரு பெருமை. வெளி பெஞ்சில் போய் உட்கார்ந்து, வத்தல் விலை சொல்வதுபோலப் பக்கத்து ஆளிடம் சொல்வார்கள். நூற்று முப்பது என்றால், ஏதோ நான் அந்தஸ்தைக் குறைத்துவிட்ட மாதிரி, "இன்னொரு வாட்டி நல்லாப் பாருங்க" என்பார்கள். நானும் வெட்கமில்லாமல் இன்னொரு வாட்டி பார்ப்பேன்.

பெரிய டாக்டர் ஒரு தத்துவம் வைத்திருந்தார். மூளையைக் கசக்கிப் பிழைக்கிறவனுக்குத்தான் பிரஷர் வரும்; உடம்பு வேர்க்க உழைக்கிறவனுக்கு அது வேர்வையோடு போய்விடும் என்பார். எந்தப் புத்தகத்திலும் அது கிடையாது. அவர் சொன்னார், நான் நம்பினேன். நம்புவதற்கு எனக்கு வசதியாகவும் இருந்தது. நான் சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டில் நிலம் வைத்திருந்த சம்சாரி வீட்டுப் பிள்ளை. எங்கள் புஞ்சையில் களை வெட்டியவர்களின் பிள்ளைகள்தான் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசுக் கம்பெனிக்கும் வேலைக்குப் போனார்கள். தலைவலி என்று அவர்கள் வந்தால் ஒரு மாத்திரை, ஒரு சீசா கலர்த் தண்ணி. அவர்கள் கையில் பட்டை கட்டியதே இல்லை. அப்படி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினேன் என்று கேட்காதீர்கள். கட்டிப் பார்க்காததால் எனக்கே தெரியாது.

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் குருசாமி என்று ஒரு ஃபோர்மேன். வயது நாற்பத்தைந்து இருக்கும். மருந்து கலக்கும் அறைக்கு அவர் பொறுப்பு. எங்கள் ஊரில் மருந்து என்றால் இரண்டு: நான் கொடுப்பது ஒன்று, பட்டாசுக்குள் போவது ஒன்று. அவருடைய மருந்து வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும். ஒருநாள் காலை வேலைநேரத்தில் அவருக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி நிற்கவில்லை என்று முதலாளியே காரில் கொண்டுவந்து இறக்கினார். மூக்கில் துணியடைத்து ரத்தத்தை நிறுத்தினேன். முதலாளி பக்கத்தில் நிற்கிறாரே, அவருக்குக் காட்டுவோம் என்றுதான் பெட்டியைத் திறந்து பட்டையைக் கட்டினேன். மேல் எண் இருநூற்று இருபது. கீழ் எண் நூற்று முப்பது. கருவிதான் கெட்டுவிட்டது என்று என் கையிலேயே கட்டிப் பார்த்தேன். கருவி நன்றாகத்தான் இருந்தது. கெட்டுப்போனது பெரிய டாக்டரின் தத்துவம்.

"இவனுக்கு எப்படி டாக்டர் பிரஷர்? இவனுக்கு என்ன கவலை?" என்றார் முதலாளி.

குருசாமியின் மனைவி பேச்சியம்மாள் கூட வந்திருந்தார். ரத்தம் தோய்ந்த துண்டைச் சுருட்டிக்கொண்டே, "சாயந்தரம் அம்புட்டுப் பேரும் உசுரோட வீட்டுக்குப் போகணுமேன்னு கவலைதான் முதலாளி," என்றார்.

முதலாளி காதில் விழாததுபோல வெளியே போனார். நானும் காதில் விழாததுபோலத்தான் நின்றேன்.

பேச்சியம்மாளுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. புருஷன் கலந்து வைக்கும் மருந்தை வாங்கிப்போய்க் காகிதக் குழாயில் செலுத்துகிற பெண்களில் ஒருவர். குருசாமியின் வாய் நாரணாபுரம் முழுக்கப் பிரசித்தம். இரும்பு உரசி ஒரு பொறி பறந்தாலும் எல்லாம் எரிந்துவிடும் இடம் அது. சேலையில் ஊக்கு குத்திக்கொண்டு ஒருத்தி வந்தால் போதும், காலைத் தேய்த்து ஒருவன் நடந்தால் போதும், கலவை அறையில் கூடுதலாக ஓர் ஆள் நின்றால் போதும். "ஏலே, எரியணும்னா சுடுகாட்டுக்குப் போ, இங்கன எதுக்குலே வாரே" என்று ஆரம்பித்தால் லேசில் ஓயாது. முதலாளியின் மச்சான் கைக்கடிகாரத்தோடு உள்ளே வந்ததற்கு, அவரையும் வாசலோடு திருப்பி அனுப்பிய மனிதர். பிரஷர் என்று தெரிந்ததும் எல்லாருக்கும் காரணம் விளங்கிவிட்டது. இந்தக் கத்தல்தான். நானும் அதையே சொன்னேன்.

"கோபத்தைக் குறைக்கணும் குருசாமி."

"கோவம் இல்ல டாக்டர். பயம். பயத்துல வார சத்தம் அது," என்றார்.

நான் சிரித்தேன். நோயாளி தன் உடம்பைப் பற்றி, தன் தொழிலைப் பற்றி ஒரு விவரம் சொல்கிறார். டாக்டர் அதைப் பேச்சு சாதுர்யம் என்று ரசிக்கிறார். உங்களில் பலர் இன்றைக்கும் அப்படித்தான் ரசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்தது பத்தியம். பெரிய டாக்டர் தன் பணக்கார நோயாளிகளுக்காக அச்சடித்து வைத்திருந்த சீட்டு என்னிடம் ஒரு கட்டு இருந்தது. ஆப்பிள், ரொட்டி, ஆடை எடுத்த பால், உப்பில்லாத சமையல். பேச்சியம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாங்க காலையில கம்மங்கூளு குடிப்போம், மத்தியானமும் அதே கூளு. கடிச்சுக்கிட ஒரு மொளகா, ஒரு துண்டு கருவாடு. உப்பு இல்லாத கூளை நீங்க குடிச்சுப் பாத்திருக்கீகளா டாக்டர்?" என்றார்.

"சொன்னதைச் செய்யுங்க," என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்பதே உண்மை.

மாத்திரை கொடுத்தேன். சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த ரிசர்பின்தான் அப்போது எங்களுக்கெல்லாம் பெரிய ஆயுதம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. இரண்டு வாரத்தில் இருநூறு. இரண்டிரண்டாக ஆக்கினேன். நூற்று எண்பது. எனக்கு ருசி கண்டுவிட்டது. அவருக்கென்று ஓர் அட்டை போட்டு, சிவப்பு மையில் எண்களை எழுதிவைத்தேன். எண்கள் படி இறங்குவதுபோல இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கும். அட்டையைப் பார்த்த நேரத்தில் கால்வாசி அவர் முகத்தைப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதல் மாதம் பேச்சியம்மாள் சொன்னார்: "மூக்கு அடைச்சே கெடக்கு டாக்டர். ஒரு வாடையும் தெரியலங்காக."

"ரத்தம் கொட்டின மூக்கு அடைச்சிருந்தா நல்லதுதானே," என்றேன். என் நகைச்சுவைக்கு நானே சிரித்தேன். கம்பவுண்டரும் சிரித்தார், அவருக்குச் சம்பளம் கொடுப்பது நான்.

அடுத்த தடவை: "எந்நேரமும் அசதியா இருக்காக. சோத்து முன்னால உக்காந்துக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு இருக்காக."

"நோய் கண்ட உடம்பு. ஓய்வு கேக்குது."

குருசாமி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தன்னைப் பற்றிய பேச்சு என்பதே இல்லாதவர்போல மேசைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கும் அடுத்த தடவை பேச்சியம்மாள் தனியாக வந்தார். முந்தின நாள் குருசாமிக்கு நூற்று நாற்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றிரண்டு. நான் நல்ல மனநிலையில் இருந்தேன். முதலாளியும் அன்று காலை தெருவில் பார்த்து, "நம்ம ஃபோர்மேன் இப்ப பசு மாதிரி ஆயிட்டான் டாக்டர், கம்பெனியே அமைதியா இருக்கு" என்று கையைக் குலுக்கியிருந்தார்.

"டாக்டர், அவுக சத்தம் போட மாட்டேங்காக," என்றார் பேச்சியம்மாள்.

"நல்ல விஷயம்தானே."

"நேத்து ஒருத்தி ஊக்கு குத்திக்கிட்டு உள்ள வந்துட்டா. அவுக பாத்தாக. பாத்துட்டுச் சும்மா இருந்தாக. எனக்குக் கையெல்லாம் வேர்த்துப்போச்சு. இது அவுக இல்ல டாக்டர். மாத்திரைய எதும் மாத்திக் குடுங்க."

நான் சொன்ன பதிலை இன்றைக்கும் என்னால் சத்தமாகச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். "திட்டு வாங்கியே உங்களுக்கெல்லாம் பளக்கம். ஒருத்தன் மரியாதையா நடந்தா நோயாத் தெரியுது."

பேச்சியம்மாள் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. அந்த ஞாயிற்றுக்கிழமை அட்டையை எடுத்துக்கொண்டு விருதுநகருக்குப் பஸ் ஏறினேன். பெரிய டாக்டர் அட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிரமாதம், நூற்று நாற்பதுக்குக் கீழே கொண்டுவா" என்றார். மனைவி சொல்வதைச் சொன்னேன். "இந்த ஜனங்க எதுக்குத்தான் மருந்தைக் குறை சொல்லல? ஆள் சொல்றதைக் கேட்டு வைத்தியம் பண்ணினா நீ பூசாரி. எண்ணைப் பார்," என்றார். இதை ஆழமான வாக்கு என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். இத்தனைக்கும், இந்த மாத்திரை சிலருடைய மனதைக் கீழே தள்ளுகிறது என்று ஒரு வைத்தியப் பத்திரிகையில் வந்திருந்தது. அந்தப் பத்திரிகை என் மேசையில்தான் கிடந்தது. பக்கம் பிரிக்கப்படாமல். மறுநாள் மாத்திரையை மும்மூன்றாக ஆக்கினேன்.

தீபாவளிச் சீசன் உச்சத்தில் இருந்தது. புரட்டாசிக் கடைசி, இரண்டு நாளாக விட்டு விட்டு மழை. அன்று காலை நடந்ததைப் பேச்சியம்மாளும் கூட வேலை பார்த்த பெண்களும் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

கலவை அறையில் ஒரு விதி உண்டு. அன்றைக்கு வேண்டிய மருந்தை மட்டும் கலக்க வேண்டும். மிஞ்சினால் ராத்திரிக்கு வைக்கக் கூடாது. வைத்து அது ஈரம் பட்டுவிட்டால் தானாகச் சூடேறும். சூடேறும்போது மூத்திர வாடை போல ஒரு வாடை கிளம்பும். குருசாமி அந்த வாடையைப் பத்தடிக்கு அப்பால் இருந்தே பிடித்துவிடுவார் என்று பெயர். விதியை மீறியவனை அடிக்கவே போனவர். அப்படிப்பட்டவரே முந்தின நாள் சாயங்காலம் அரைத் தட்டு மருந்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். ராத்திரி கூரை ஒழுகியிருக்கிறது.

காலையில் மருந்து வாங்கப் போன பேச்சியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டார். குருசாமி படியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன இந்த வாடை?"

"எந்த வாடை?"

பேச்சியம்மாள் உள்ளே ஓரடி வைத்துப் புறங்கையைத் தட்டுப் பக்கம் நீட்டியிருக்கிறார். அனல் அடித்தது.

"நேத்து மருந்தா இது?"

"ஆமா. கெடந்துச்சு. விட்டுட்டேன்."

பேச்சியம்மாள் திரும்பி, சுற்றியிருந்த அறைகளைப் பார்த்து, எல்லாரும் ஓடுங்கள் என்று கத்தியிருக்கிறார். நாரணாபுரத்தில் அந்தக் குரலுக்கு அர்த்தம் கேட்கிறவர் கிடையாது. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு முள்வேலியைப் பார்த்து ஓடினார்கள். பேச்சியம்மாளும் ஓடியிருக்கிறார். பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்தால், குருசாமி படியிலேயே உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு.

அந்த அம்மாள் திரும்பிப் போனார். இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். பத்துப் பன்னிரண்டு தப்படி வந்திருப்பார்கள். அறை போய்விட்டது.

ஒருவரும் சாகவில்லை. பேச்சியம்மாளுக்கு முதுகிலும் வலது கையிலும் தோல் வெந்து வழன்றிருந்தது. குருசாமிக்குப் பிடரியில் கொஞ்சம் பொசுங்கியிருந்தது. இருவரையும் என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். பேச்சியம்மாளின் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே குருசாமியிடம் கேட்டேன்.

"நீங்க ஏன் ஓடல?"

"ஓடணும்னு தோணல டாக்டர்."

"அவங்க கத்தினது கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"பயமா இல்லையா?"

"இல்ல. அதுதான் எனக்கும் வெளங்கல. முன்னல்லாம் எம்புட்டுப் பயப்படுவேன்."

கட்டுப் போட்டு முடித்ததும் என் கை, பழக்கத்தால், பெட்டியைத் திறந்தது. குருசாமியின் கையில் பட்டையைக் கட்டினேன். நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்தாறு. நாடி ஐம்பத்து நான்கு. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தன் அறை வெடித்துச் சிதறுவதைப் பார்த்த மனிதருக்கு, கோயில் குளத்தங்கரையில் உட்கார்ந்திருக்கிறவனின் நாடி. மூன்று மாதமாக நான் துரத்திக்கொண்டிருந்த எண் அதுதான். சிவப்பு மைப் பேனா மேசையில் இருந்தது. எடுக்கவில்லை.

பேச்சியம்மாள் குப்புறப் படுத்தபடியே மெதுவாகச் சொன்னார்: "ஒரு மாசமா கெணத்துக்கு அவுகளத் தனியா விடுறதில்ல டாக்டர். நானும் கூடவே போறேன்."

அதற்கு என்ன அர்த்தம் என்று என் மரமண்டைக்கும் புரிந்தது.

மாத்திரையை அன்றே நிறுத்தினேன். பெரிய டாக்டருக்குக் கடிதம் போட்டேன். "கம்பெனிக்காரன் கவனக்குறைவுக்கு நீ ஏன் தலையைக் கொடுக்கிறாய்? மருந்தை நிறுத்தி அவனுக்குப் பக்கவாதம் வந்தால் என்னிடம் வராதே" என்று பதில் வந்தது. அவர் கடிதத்தில் பாதி சரி என்பதுதான் கொடுமை. நிறுத்தினால் பிரஷர் ஏறும். ஏறியது. மூன்று நாளுக்கு ஒருதரம் நானே சைக்கிளில் நாரணாபுரம் போய்ப் பார்த்தேன். நூற்று அறுபது, நூற்று எழுபது. கையில் மாத்திரை இருக்கிறது, கொடுத்தால் எண் இறங்கும், கொடுக்கக் கூடாது. மருந்து எழுதுவதற்குப் படித்தவனுக்கு எழுதாமல் இருப்பதைப்போலக் கஷ்டம் வேறில்லை.

அப்போதுதான் முதல்முறையாகப் பேச்சியம்மாளிடம் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்து கேட்டேன். ஆப்பிள் சீட்டுக் கட்டு அடுப்புக்குப் போயிற்று. கருவாடும் ஊறுகாயும் நிறுத்த முடியும் என்றார். கூழுக்கு உப்பு வேண்டும், ஆனால் குறைக்கலாம் என்றார். அடுத்த தடவை நான் போனபோது, ஒரு தீப்பெட்டியின் உள்கூட்டில் கால்வாசி உப்பு எடுத்துக் காட்டி, "வீடு மொத்தத்துக்கும் ஒரு நாளைக்கு இம்புட்டுத்தான். கூளுக்குச் சின்ன வெங்காயம் கடிச்சுக்கிடுறாக. போதுமா?" என்று கேட்டார். இத்தனை வருஷம் பத்தியம் சொன்ன எனக்கு, ஒரு பிடி உப்பு என்றால் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் கண்ணால் தெரிந்தது.

பெரிய அறிவாளிகள் சிலர் இந்த இடத்தில் வந்து, பார்த்தீர்களா, மாத்திரையே விஷம் என்பார்கள். இந்தக் கதையை நான் முதலில் சொன்ன வத்தல் மண்டிக்காரர் ஒருவரும் அப்படித்தான் முடிவு கட்டினார். அவருக்கு ஒத்துக்கொண்டிருந்த மாத்திரையை, என்னைக் கேட்காமல், வாய்க்காலில் கொட்டினார். ஆறு மாதத்தில் மூட்டைகளுக்கு நடுவே விழுந்தார். ஒரு பக்கக் கையும் காலும் பேச்சும் போயின. எண் பொய் என்று நான் சொல்லவில்லை. எண் பாதி. அந்தப் பாதியைத் தூக்கி எறிகிறவனும் முட்டாள்தான், அதையே கட்டிக்கொண்டு அழுகிற என்னைப் போன்றவனும் முட்டாள்தான். இரண்டாவது முட்டாளுக்கு மட்டும் வாசலில் போர்டு இருக்கும்.

ஏழெட்டு வாரம் போயிற்று. கார்த்திகையில் ஒருநாள் இருவரும் டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். பேச்சியம்மாளின் புண் ஆறியிருந்தது. குருசாமி உள்ளே வந்து நின்றவர் உட்காரவில்லை. மேசை ஓரத்தில் ஊசி கொதிக்கவைக்கும் ஸ்பிரிட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளிப் பஞ்சுச் சுருள், பக்கத்தில் மூடி திறந்த ஸ்பிரிட் சீசா. வருஷக்கணக்காக அப்படித்தான் இருந்தது.

"ஏன்யா, ஒமக்கு யாருய்யா படிப்புச் சொல்லிக் குடுத்தா?" என்று ஆரம்பித்தார். "எரியிற வெளக்குப் பக்கத்துல பஞ்ச வப்பானா ஒருத்தன்? அதுக்குப் பக்கத்துல ஸ்பிரிட்டு. வெளிய பத்துப் பேரு உக்காந்திருக்காக. அவுகளுக்கெல்லாம் புள்ளகுட்டி இல்லையா?" கம்பவுண்டர் ஓடிவந்து சீசாவை எடுத்தார். அவருக்கும் ஒரு பங்கு கிடைத்தது. வெளி பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பேச்சியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அறை வெடித்த அன்று அழாதவர் அன்று அழுதார்.

குருசாமிக்கு நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்று ஆறு. அவ்வளவு உயரமான எண்ணைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

இனி மிச்சம் இருப்பது சர்டிபிகேட். விபத்தைப் பற்றி அதிகாரிகள் விசாரித்தார்கள். ஃபோர்மேன் வேலைநேரத்தில் தூங்கினார், விதியை மீறினார் என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். அது நிலைத்தால் வேலை போவதோடு நிற்காது, கேஸும் வரும். அவர் உடல்நிலை பற்றி ஒரு கடிதம் வேண்டும் என்று பேச்சியம்மாள் வந்து கேட்டார். நான் எழுதினேன். "சில காலமாக உடல்நலம் குன்றியிருந்தார்." ஒரு டாக்டர் தப்பித்துக்கொள்வதற்காகவே உண்டாக்கப்பட்ட வாக்கியம் அது. உங்களுக்கும் கைவந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்துப் பேச்சியம்மாள் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"இதுல அவுக பேரு இருக்கு. நோயி இருக்குன்னு இருக்கு. மாத்திரையப் பத்தி ஒண்ணும் இல்லையே டாக்டர்."

"மாத்திரையைப் பத்தி எழுதினா எனக்கு இந்த ஊர்ல பொளப்பு இருக்காதும்மா."

"அவுகளுக்கு மட்டும் இருக்குமா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

அன்றைக்கே நான் எழுதிய இரண்டாவது கடிதத்தால் என்ன ஆயிற்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேஸ் வரவில்லை. அந்தக் கம்பெனியில் குருசாமிக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. மாத்திரை சாப்பிடுகிற எவனையும் கலவை அறைக்குள் விடமாட்டேன் என்று அந்த முதலாளி புதிதாக ஒரு விதி போட்டார். அதனால் எத்தனையோ பேர் பிரஷரை மறைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். என் உண்மையால் வந்த கேடு அது, அதையும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். மண்டிக்காரர்களில் பாதிப் பேர் வேறு டாக்டரைப் பார்த்துக்கொண்டார்கள். பெரிய டாக்டர் சாகும்வரை என்னோடு பேசவில்லை. அடுத்த வருஷம் எம். புதுப்பட்டியில் ஒரு சின்னக் கம்பெனிக்காரர் குருசாமியைக் கூப்பிட்டுக்கொண்டார். சிறுநீர் போக்கும் மாத்திரைகள் கைக்குக் கிடைத்த பிறகு அதைக் கொஞ்சமாகக் கொடுத்து, நூற்று ஐம்பது, நூற்று அறுபதுக்குள் அவரை வைத்திருந்தேன். அறுபதுகள் முடியும்வரை அங்கே அவர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் இருந்தவரை அந்தக் கம்பெனியின் கலவை அறை ஒருநாளும் எரியவில்லை.

அன்று பேச்சியம்மாளை உட்காரச் சொல்லிவிட்டு எழுதினேன். குருசாமிக்கு நான் கொடுத்த மாத்திரையின் பெயர், எவ்வளவு கொடுத்தேன், எப்போது கூட்டினேன், அது மனிதனின் மனதையும் மூக்கையும் என்ன செய்யும், எல்லாம். முடித்ததும், "வாசிங்க," என்றார். வாசித்தேன். கடைசி வரி இது: "இவருடைய மாற்றத்தைப் பற்றி இவர் மனைவி என்னிடம் மூன்று முறை முறையிட்டார், நான் பொருட்படுத்தவில்லை."

"மூணு இல்ல டாக்டர், நாலு," என்றார் பேச்சியம்மாள்.

எனக்கு நினைவில்லை என்றேன். மூக்கைப் பற்றி ஒன்று, அசதியைப் பற்றி ஒன்று, ஊக்கைப் பற்றி ஒன்று. விரல்விட்டு எண்ணிக் காட்டினேன்.

"அதுக்கப்புறம் ஒரு நா, தேரடியில நீங்க சைக்கிள்ல போனீக. கூடவே ஓடியாந்து சொன்னேன். டிஸ்பென்சரிக்கு வாங்கன்னுட்டுப் போயிட்டீக. நீங்க எறங்கல."

மூன்றை அடித்துவிட்டு நான்கு என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.